நேர்ந்தவன் பங்கு

எங்க தெருவுல ஒரு மனுசன் மூச்சும் பேச்சுமா கட்டில்ல கெடக்கும்போதே அவன் கறியைக் கூறு போட்டு வீட்டுக்கு வீடு வச்சாச்சு, வச்சதை ஒரு வீடு விடாம எடுத்து உள்ள கொண்டு போயாச்சு, எனக்குச் சவ்வா வந்திருக்குன்னு ஒருத்தன் சண்டைக்கும் போயாச்சு, இதெல்லாம் ஏதோ ராசா காலத்துல நடந்ததுன்னு நெனைக்காதிய, தெருவுக்குத் தெரு தண்ணிக் குழாய் வந்து, வீட்டுக்கு ரெண்டு போன் வந்து, டவுன் பஸ்ஸுல பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லன்னு ஆன பொறவு நடந்தது. வெட்டினது யாருன்னு கேக்காதிய. வெட்டினது அவன் உடம்புக்குள்ள ஓடுன ரத்தம், அந்த ரத்தம் அவன் தம்பியோடது, அந்தத் தம்பி அந்நேரம் நாலு வீடு தள்ளி அவன் வாசல்ல டிராக்டருக்குக் கிரீஸ் அடிச்சிக்கிட்டு இருந்தான்.

நான் அந்த வகையறா இல்ல, அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன். தெருவுல முக்கால்வாசி ஒரே வகையறா, ஒரே சுடலைமாடனுக்குக் கொடை குடுக்கவ, எல்லாம் பங்காளிய. நான் வாக்கப்பட்டு வந்தது வேற வீட்டுக்கு. கட்டில்ல கெடந்தவன் பொண்டாட்டி ஆவுடைத்தங்கம் எனக்குச் சித்தி மக, எனக்கு எளையவ. அதனால எனக்கு அவிய கறியில பங்கும் இல்ல, அந்தப் பாவத்துல பங்கும் இல்ல, வாய் மட்டும் இருக்கு, அதை வச்சித்தான் சொல்லுதேன்.

அண்ணன் பேரு சொரிமுத்து, தம்பி பேரு தளவாய். பெரியவனுக்கு வாழைத்தார் யாவாரம், தோளுக்கு ஒண்ணா ரெண்டு தாரைப் போட்டுக்கிட்டு பலகை மேல நடந்து லாரியில ஏறுவான், கோவம் வந்தா எதுக்க நிக்கது ஆளா மரமான்னு பாக்க மாட்டான். சின்னவன் டிராக்டர் ஓட்டுதவன், பேச்சு கம்மி, ரோசம் ஜாஸ்தி. அப்பனும் ஆத்தாளும் போன பொறவு ஒரே அடுப்புலதான் தின்னாவ, அவனவனுக்குக் கல்யாணம் ஆகி அடுப்பு ரெண்டான பொறவும் ஒழுங்காத்தான் இருந்தாவ. கெட்டதெல்லாம் ஒரு கொடையில.

கொடைன்னா எங்க பக்கம் எப்படின்னா, நேர்ந்து விட்ட கிடாயைச் சுடலைக்கு முன்னால வெட்டி, வேப்பமரத்துக்குக் கீழ கட்டையைப் போட்டு, மொதல்ல தொடை, பொறவு தோள், பொறவு கழுத்துன்னு வரிசை மாறாம கொத்தி, கூறு வச்சி, ஒவ்வொரு பங்காளி வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாவ. கடைசியா ஈரல். அது நேர்ந்தவன் பங்கு, கிடாயை எவன் நேர்ந்து விட்டானோ அவனுக்கு மட்டும். பங்கு போடாம ஒருத்தனும் ஒரு துண்டு திங்கக் கூடாது, பங்கு வேண்டாம்னும் ஒருத்தன் சொல்லக் கூடாது, ஒரு தடவை வேண்டாம்னு சொன்ன வீட்டை அடுத்த கொடையில பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாவ, கூப்பிடாத வீடு பங்காளி வீடே இல்ல, பொறவு அவனுக்குக் கோயில்ல நிக்க எடமும் கெடையாது, செத்தா தூக்க நாலு பேரும் கெடையாது.

அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேத்து அப்பன் பேருல ஒரு கூறு வரும். அதைப் பெரியவன் வாங்கி, பாதியைச் சின்னவனுக்கு வெட்டிக் குடுக்கணும். அந்த வருசம் தளவாய் பொண்டாட்டி பிள்ளை பெத்து உடம்பு தேறாமக் கெடந்தா, அவளுக்கு சூப்பு வச்சிக் குடுக்க நல்லி எலும்பு வேணும்னு இவன் முன்கூட்டியே அண்ணன்ட்ட சொல்லியும் வச்சிருந்தான். சொரிமுத்து என்ன செஞ்சாம்னா, கார்ல வந்த எவனோ ஒரு கட்சிக்காரனுக்குத் தொடையும் நல்லியுமா பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு, தம்பிக்குக் குடலையும் குளம்பையும் தூக்கிப் போட்டான். நல்லி எங்கண்ணேன்னு கேட்டதுக்கு, உன் பொண்டாட்டி மட்டும்தான் ஊருல பிள்ளை பெத்திருக்காளான்னு எல்லாரும் கேக்கச் சிரிச்சான். தளவாய் பொட்டலத்துல கையை வச்சான். பெரியவன் அதே எலும்பைப் புடுங்கி அவன் வாயிலேயே அடிச்சான். மேல்வரிசைப் பல்லு ரெண்டு சுடலை காலடி மண்ணுல விழுந்துச்சி, தெறிச்ச ரத்தம் என் சேலையிலயும் பட்டுச்சி. வாய் நெறைய ரத்தத்தை வச்சிக்கிட்டு அவன் சொன்னதைக் கொடைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டோம்.

"எலே சொரிமுத்து, இனிமே உன் வீட்ல நான் கை நனைச்சா, உன் கறியிலதாம்லே நனைப்பேன். சுடலை கேட்டுக்கிடட்டும்."

கோவத்துல சொல்லுத வார்த்தைதானே, நாளைக்கு ஆறிரும்னு நாங்களும் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டோம். ஆறல. அதுக்குப் பொறவு அண்ணன் வீட்டுப் பச்சத்தண்ணிகூட அவன் பல்லுல படல. தெருவுல ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாறுதவன் சொரிமுத்துன்னு தெரிஞ்சதும், பாதிச் சோத்துல எந்திரிச்சிக் கையைக் கழுவிட்டான். சரியான ரோசக்காரப் பய.

வருசம் ஓடிச்சி. ஒரு கோடையில பெரியவனுக்கு ஈறுல ரத்தம் வடிஞ்சிச்சி, பொறவு உடம்பெல்லாம் கன்னிப்போச்சி, பொறவு காச்சல் விடல. மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு ரத்தத்துல புத்துநோய்ன்னு சொல்லிட்டாவ. எலும்புக்குள்ள இருக்க மஜ்ஜையை மருந்து குடுத்து மொத்தமாக் கருக்கிட்டு, ஒத்துப்போற ஆளோட மஜ்ஜையை ஏத்தணும், கூடப்பொறந்தவனோடது ஒத்துப்போனா உத்தமம்னு டாக்டர் சொன்னாரு. அவரு மஜ்ஜைன்னாரு, நாங்க நல்லின்னோம், ரெண்டும் ஒண்ணுதானே. கூடப்பொறந்தவன்னு இருந்தது தளவாய் ஒருத்தன். ரத்தத்தை எடுத்துப் பாத்தா அச்சு மாறாம ஒத்துப்போகுது.

ஆவுடை அவன் வாசல்ல போயி நின்னா. கால்ல விழவும் தயாராத்தான் போனா. அதுக்கு வேலையே இல்லாம அவன் சரின்னுட்டான். அன்னைக்கு நான் கேட்ட நல்லியை அவன் தரல, இன்னைக்கு என் நல்லியை நான் தாரேன், வாங்கிக்கிடச் சொல்லுன்னான், அவ்வளவுதான். பாசத்துல குடுத்தானா, பாடம் படிச்சிக்குடுக்கக் குடுத்தானான்னு அவனுக்கே தெரியாது. மதுரைக்குப் போயி, குப்புறப் படுத்து, இடுப்பெலும்புல ஊசியைப் போட்டு ஒரு பை நெறைய எடுத்துக் குடுத்துட்டு, அண்ணன் காசுல வாங்குன டீயைத் தொடாம, இடுப்பைப் புடிச்சிக்கிட்டு நின்ன வாக்குல பஸ்ஸுல ஊர் வந்து சேந்தான்.

ஏத்துன நல்லி வேர் புடிச்சிருச்சி. சொரிமுத்துக்கு முடி திரும்ப மொளைச்சிச்சி, மூஞ்சி தெளிஞ்சிச்சி, அவன் ரத்த வகையே மாறி தம்பியோட வகை ஆயிருச்சின்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாவ. தெருவுல அதை ஒரு வாரம் பேசினாவ. அப்ப அடுத்த கொடையில அப்பன் பேருல கூறு போட்டா பெரியவன் எந்த ஆளா வாங்குவான்னு ஒரு வெளங்காதவன் கேட்டான். ஆவுடை ஒண்ணையும் காதுல வாங்கல, புருசன் பொழைச்சி வீடு வந்தான், அவளுக்கு அது போதும், கோழியை அடிச்சி எங்களுக்கெல்லாம் குழம்பு ஊத்துனா.

பொறவு ஒரு வெள்ளிக்கெழமை, உச்சி வேளை, கொடை கிடாய் வெட்டுத அதே நேரம், சொரிமுத்து வீட்டுக்குள்ளருந்து கட்டையில கறி கொத்துத சத்தம் கேட்டுச்சி. சதக், சதக்குன்னு, கை தேர்ந்தவன் கொத்துத மாதிரி. நான் ஓடிப்போயிப் பாத்தேன். கட்டில்ல அவன் தலகாணியைக் கடிச்சிக்கிட்டுக் கத்துதான், ஆவுடை அவன் காலைப் புடிச்சிக்கிட்டு நிக்கா, சத்தம் அவன் தொடைக்குள்ளருந்து வருது, தோலு மட்டும் உள்ளருந்து துள்ளித் துள்ளி விழுது. அருவாளும் இல்ல, ஆளும் இல்ல. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சி. தோலுல கீறல் இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல, தொட்டுப் பாத்தா உள்ள கறி இல்ல, எலும்பைச் சுத்தித் தோலு தொளதொளன்னு கெடக்கு, பஞ்சு எடுத்த தலகாணி உறை கணக்கா. நான் தலையில அடிச்சிக்கிட்டு வெளிய வந்தா, எதுத்த வீட்டு நடையில ஒரு பொட்டலம் இருக்கு. வாழையிலையில பொதிஞ்சி, நார் போட்டுக் கட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, கொடைப் பொட்டலம் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்த வீட்டுலயும் ஒண்ணு. அதுக்கடுத்த வீட்டுலயும் ஒண்ணு.

அது என்னன்னு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கல. வகையறா ஆம்பளைய கோயில் வாசல்ல கூடி ஒக்காந்தாவ. இது சுடலை முன்னால விழுந்த வார்த்தை, ரத்தம் இப்பம் அவன் வீட்டுக்குள்ளயே குடியிருக்கு, சொன்னபடி கை நனைக்குது, ஆனா பங்கு போடாம ஒருத்தன் திங்க முடியாதுல்லா, அதனால மொறைப்படி எல்லா வீட்டுக்கும் கூறு வச்சிட்டுத்தான் திங்கும்னு பேசி முடிச்சிட்டாவ. சரி, அப்ப பொட்டலத்தை என்ன செய்யதுன்னு ஒரு புது மருமக கேட்டா. அவ மாமியா அவ வாயைப் பொத்துனா. பங்கை மறுத்தா அடுத்த கொடையில பேர் இருக்காதே. மனுசக் கறியை எப்படி வாங்குததுன்னு ஒருத்தன் கேக்கணுமே, கேக்கல. வீட்டுக்கு வீடு கதவைத் தொறந்து எடுத்து வச்சிக்கிட்டாவ. சமைச்சது யாரு, கொல்லையில புதைச்சது யாருன்னு நான் எட்டிப் பாக்கல. ஆனா அன்னைக்குச் சாயந்தரம் தெருவுல மசாலா அரைக்கிற சத்தம் கேட்டுச்சி, அது ரெண்டு மூணு அம்மியில இல்ல.

தளவாய் வீட்டுக்கு மட்டும் பொட்டலம் வரல. அவன் நேர்ந்தவன், அவனுக்குக் கடைசியாத்தான் வரும். சொரிமுத்து வீட்டுக்கும் வரல, கிடாய்க்கு எங்க பங்கு.

மதுரை டாக்டர் நல்ல மனுசன், குத்தம் சொல்ல மாட்டேன். உன் தம்பி ரத்தம் உன் சதையை வேத்தாளுன்னு நெனச்சி அடிக்கிப்பா, சில பேருக்கு இப்படி ஆகும், அதை அடக்க மாத்திரை தாரேன்னு சொன்னாரு. தொடையும் தோளும்தான் மொதல்ல போகும், மாடிப்படி ஏற முடியாது, கையைத் தூக்கித் தலை சீவ முடியாது, தொண்டைக்கு வந்துட்டா கஷ்டம்னும் சொன்னாரு. ஆவுடை பொட்டலக் கதையை அவருட்ட ஒண்ணு விடாம சொன்னா. அவரு சிரிக்கல, ஏசல, பேனாவை மூடி வச்சிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாரு, கேட்டுட்டு மாத்திரையைக் கூட்டிக் குடுத்தாரு. அந்த மாத்திரையில இவன் மூஞ்சி ஊதிப் பூசணிக்காயா ஆச்சி, மூஞ்சிக்குக் கீழ ஒண்ணுமில்லாமப் போய்க்கிட்டு இருந்துச்சி.

அடுத்த வெள்ளி அடுத்த தொடை. அதுக்கடுத்த வெள்ளி தோள் ரெண்டும். ரெண்டு தாரைச் சுமந்த தோளுங்க அது, நான் கண்ணால பாத்திருக்கேன், கொத்தி முடிச்ச பொறவு சட்டை மாட்டுத கம்பி கணக்கா எலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சி. மூஞ்சியில ஒக்காந்த ஈயை விரட்ட அவனுக்குக் கை எந்திரிக்கல, ஆவுடைதான் விரட்டுனா. அந்தப் பாதகத்திக்கு அந்த மாசமெல்லாம் அழக்கூட நேரமில்ல.

தெரு பழகிருச்சி. அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். வெள்ளிக்கெழமை உச்சிக்கு முன்னால நடையைத் தூத்துத் தெளிச்சி வைக்க ஆரம்பிச்சாவ, நாய் தூக்கிரக் கூடாதுல்லா. அதே ஆளுவ ஞாயித்துக்கெழமை ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டு வந்து அவன் கட்டில் ஓரத்துல ஒக்காந்து, இப்பம் எப்படி இருக்கு, தேவலையான்னு கேட்டாவ. வேற ஊர்ல போயிக் குடியிருந்த ஒருத்தன், நாங்களும் இந்த வகையறாதான்னு சொல்லிக்கிட்டுப் பெட்டி படுக்கையோட வந்து எறங்குனான். தோள் வந்த அன்னைக்கு, மேல வீட்டுக்குக் கறியும் கீழ வீட்டுக்குச் சவ்வுமா வந்திருக்குன்னு வார்த்தை தடிச்சி, கீழ வீட்டுக்காரன் எடைக்கல்லைத் தூக்கி மேல வீட்டுக்காரன் மண்டையில போட்டான், அடிபட்டவன் மக்கமாரு அடிச்சவன் பைக்கைக் கொளுத்துனாவ, அவன் மச்சினன் கம்பியை எடுத்துக்கிட்டு வந்து கையில அகப்பட்டவனையெல்லாம் அடிச்சான், ஒருத்தனுக்குக் கண்ணு போச்சி, நாலஞ்சி பேருக்குக் கை கால் முறிஞ்சிச்சி, எங்க சாக்கடையில அன்னைக்கு ஓடுனது தண்ணி இல்ல. போலீசு வந்துச்சி. ஒரு ஏட்டு பொட்டலத்தைப் பிரிச்சிப் பாத்துட்டு, நல்ல எளங்கறி, இதுக்காய்யா வெட்டிக்கிடுதியன்னு ஏசிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. அது யாரு கறின்னு அவருட்டச் சொல்ல அத்தனை பேருல ஒருத்தனுக்கும் நாக்கு இல்ல.

பொறவு கழுத்து போச்சி. அன்னைக்குப் பொட்டலம் சின்னதாத்தான் இருந்துச்சி, அதையும் எடுத்தாவ. சொரிமுத்துக்குத் தலை நிக்கல, தூக்கி வச்சா நெஞ்சுல சாஞ்சிச்சி, எச்சி முழுங்க முடியல, மூக்கு வழியா ஒரு குழாயை வுட்டு அதுல கஞ்சியை ஊத்துனாவ. மிச்சம் இருக்கது ஈரல் ஒண்ணுதான்னு தெருவுல குஞ்சு குளுவானுக்கும் தெரியும். அடுத்த வெள்ளிக்கு இருக்கட்டும்னு ஒருத்தன் பந்தல்காரன்ட்ட சொல்லியும் வச்சிட்டான். சவத்து மூதி.

ஆவுடை மறுபடி தளவாய் வாசலுக்குப் போனா, நானும் கூடப் போனேன். அவனும் பாதி ஆளாயிருந்தான், பாத்துக்கிடுங்க. மதுரைக்கு யாருக்கும் சொல்லாமப் போயி, குடுத்த நல்லியைத் திருப்பி எடுக்க முடியுமான்னு டாக்டர்ட்டக் கேட்டிருக்கான். அது இப்பம் அவரு உடம்பு, எடுத்தா ஆளு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாராம். உன் வார்த்தையை வாபஸ் வாங்கு, வந்து ஒரு வாய் சோறு தின்னு, எல்லாம் தீரும்னு ஆவுடை சொன்னா. அவன் வாசல்ல விளையாடுத மகளைக் காட்டினான். சுடலை முன்னால சொன்ன சொல்லை மாத்தி அந்த வீட்ல வெறுஞ்சோறு தின்னா இவளை எடுத்துக்கிடும், எவன் உயிரைக் குடுத்து எவனைக் காப்பாத்தன்னு கேட்டான். கேட்டுட்டு அந்தப் பல்லில்லாத வாயைத் தொறந்து அழுதான். எனக்கு அவனை அடிக்கணும் போலவும் இருந்துச்சி, கூடச் சேந்து அழணும் போலவும் இருந்துச்சி.

வீட்டுக்கு வந்து ஆவுடை அடுப்பங்கரையில சும்மா ஒக்காந்திருந்தா. அன்னைக்கு அவன் சொன்ன வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தா, கை நனைச்சா, உன் கறியில, உன் கறியிலதான்னு. இவளுக்கும் கோட்டி புடிச்சிட்டுன்னே நான் நெனச்சேன். திடீர்னு என் கையைப் புடிச்சா.

"யக்கா, அவன் வரமாட்டேன்னு எங்கச் சொன்னான்? வந்தா எந்தக் கறின்னுல்லா சொல்லியிருக்கான்."

அவ சொன்னது எனக்கு அப்பந்தான் வெளங்குச்சி. சுடலைக்கு வேண்டியது சொன்ன சொல்லு. அதைத் தளவாய் நடத்தல, அவனுக்குப் பதிலா ரத்தம் நடத்திக்கிட்டிருக்கு. அவனே வந்து இந்த வீட்ல ஒக்காந்து, அண்ணன் கறியில ஒரு துண்டு தின்னுட்டான்னா சொல்லு நெறவேறிரும், ரத்தத்துக்கு வேலை இல்ல, ஈரல் தப்பிச்சிரும். இதை அவ சொன்ன பொறவு எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சி. ஆனா அவ சொல்லுத வரைக்கும் ஒருத்தனுக்கும் தோணல, அவனவனுக்கு அவனவன் பங்கு முக்கியம்.

இப்பம் கறி வேணும். வெள்ளிக்கெழமை காலையில அவ வீடு வீடாப் போயி நின்னா. உங்க வீட்டுக்கு வந்த கூறுல ஒரு துண்டு குடுங்கன்னு கேட்டா. தின்னவன் புதைச்சிட்டோம்னான், புதைச்சவன் தின்னுட்டோம்னான், ரெண்டு பேரும் அவ மூஞ்சியைப் பாக்கல. நடுவாசல்ல நின்னு நாக்கைப் புடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேட்டா, அதுக்கும் கதவைச் சாத்திக்கிட்டாவ. பொறவு அவ வீட்டுக்குப் போயி வாழைக்கொலை வெட்டுத அருவாளை எடுத்துக்கிட்டு வந்தா. பூட்டுன கதவை வெட்டினா. மறிச்ச ஆம்பளையளைத் தள்ளிக்கிட்டுக் கொல்லைக்குப் போயி மண்ணைக் கெளறுனா. ஒரு வீட்டுல மண்ணுக்குள்ள இருந்தது புழுத்துப் போயிருந்துச்சி, அதை மடியில கட்டப் போனவளை நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்.

கடைசியில வடக்கு முக்குல அணைஞ்சபெருமாள் வீடு. ஒத்தக்கட்டை, திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தான், மாலை போட்டவன் கறி தொடக் கூடாது, பங்கை மறுக்கவும் கூடாது, அதனால வந்ததையெல்லாம் உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில கோத்து, உப்புக்கண்டம் போட்டு வச்சிருந்தான், மாலை கழட்டுன பொறவு பாத்துக்கிடலாம்னு. அவன் கொல்லையில அது வெயில்ல ஆடிக்கிட்டு இருந்துச்சி. ஆவுடை கேட்டா. அவன் தர மாட்டேன்னான், என் பங்கை நான் குடுத்தா நாளைக்கு எனக்குப் பேர் இருக்காதுன்னு கொடியை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டான். அவ ரெண்டாவது தடவை கேக்கல. கொடியை வெட்டினா. கொடியோட அவன் சுண்டுவெரல் நுனியும் போச்சி. அவன் கத்துத கத்துக்குத் தெருவே கூடிருச்சி, அவ கீழ கெடந்ததுல கறியை மட்டும் பாத்துப் பொறுக்கி எடுத்துக்கிட்டு நடந்தா. அவன் கேசு ஒண்ணும் குடுக்கல. எதுக்குன்னு எழுதிக் குடுப்பான்.

சமையலுக்கு எங்க நேரம் இருக்கு. தண்ணியில ஒரு கொதி போட்டு, மொளகாத்தூளைத் தூவி எறக்குனா. தளவாயை அவன் பொண்டாட்டியே கையைப் புடிச்சிக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல விட்டா. அவனுக்கும் சொல்லியாச்சி, அவன் தலையை ஆட்டினான், ஆனா நிலைப்படியைத் தாண்ட முடியல. ஆவுடை அவன் சட்டையைப் புடிச்சி உள்ள இழுத்துக் கட்டிலுக்குக் கீழ தரையில ஒக்கார வச்சா. இலையைப் போட்டா. அதுல அந்தத் துண்டை வச்சா. தெரு பூரா ஜன்னல்லயும் நடையிலயும் முண்டியடிச்சிக்கிட்டு நிக்கி.

அப்பம் உச்சி வேளை. சத்தம் ஆரம்பிச்சிட்டு.

சதக்குன்னு ஒண்ணு, சொரிமுத்து வலது விலாவுக்குக் கீழ. அவனுக்குக் கத்தத் தொண்டை இல்ல, கண்ணு மட்டும் வெளிய பிதுங்கிச்சி, மூக்குக் குழாயில செவப்பா ஏறிச்சி. சதக்குன்னு இன்னொண்ணு. தளவாய் துண்டை எடுத்து வாயில போட்டான். போட்டதும் அவன் ஒடம்பு தூக்கிப் போட்டுச்சி, ஓங்கரிச்சான், கன்னம் உப்பிச்சி. ஆவுடை பின்னால வந்து அருவாளை அவன் பெடதியில வச்சி அழுத்தினா, அவன் கழுத்துல ரத்தம் கோடா எறங்குனதை நான் பாத்தேன்.

"துப்புனா வெட்டிருவேன்" அப்படின்னா. அவ குரலை எனக்கு அடையாளம் தெரியல.

அவன் மென்னான். முன்னால பல்லு இல்லாததால கடைவாய்க்குத் தள்ளித் தள்ளி மென்னான். கண்ணுல தண்ணி கொட்டுது, முழுங்க மாட்டேங்குது. உப்புல வெறச்சிப் போன கறி, மெல்ல மெல்லப் பெருசாகுதே ஒழிய எறங்கல. உள்ள சத்தம் வேகமாகுது, கட்டில் காலு தரையில தட்டுது, வெளிய நின்னவன் ஒருத்தன் அவ்வளவுதான் அவ்வளவுதான்னு முனங்குதான். அருவா அவன் கழுத்துல இருக்கும்போதே தளவாய் வாய்க்குள்ள வெரலை விட்டுத் துண்டை வெளிய எடுத்தான். துப்பப் போறான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவன் துப்பல. அதை ரெண்டாக் கிழிச்சான். கிழிச்சி, முட்டிக்கால் போட்டு எந்திரிச்சி, சாஞ்சி கெடந்த அண்ணன் தலையை இடது கையில தாங்கி நிமுத்துனான். அந்த வாயைப் பாத்து இத்தனை வருசத்துக்குப் பொறவு பேசுனான்.

"எண்ணே, என்னால தனியா முடியலண்ணே. பங்கு போட்டுத் திம்போம்."

பாதியை அண்ணன் வாயில வச்சான், பாதியைத் தன் வாயில போட்டுக்கிட்டான். முழுங்க முடியாதவனுக்குக் கறியைக் குடுக்கியே, அடைச்சிச் செத்துருவானேன்னு நான் கத்துனேன், யாரு கேட்டா. தளவாய் முழுங்கினான். அவன் தொண்டை எறங்குத நேரம் பாத்து, தசையே இல்லாத அந்தக் கழுத்துல சொரிமுத்தோட தொண்டையும் எறங்கிச்சி. சத்தம் நின்னுச்சி. பொறவு டாக்டர் பாத்துட்டு மருந்து கேட்டிருக்குன்னு சொன்னாரு, கேட்டிருக்கும், நான் இல்லங்கல. தொடையும் தோளும் அவனுக்குப் பழையபடி வரல, இன்னைக்கும் கம்பு ஊணித்தான் நடக்கான், அவனைக் கண்டா தெருவுல பாதிப் பேரு வேட்டியை மடிச்சிக் கட்டிக்கிட்டு வேற பக்கம் பாத்துப் போறாவ. ஆனா அதெல்லாம் பொறவு.

அன்னைக்கு அண்ணன் தலை தம்பி கையிலேயே இருந்துச்சி. ஆவுடை அருவாளைக் கீழ போடவும் தெரியாம, புடிச்சிக்கிட்டும் நிக்க முடியாம நின்னா. சொரிமுத்து நாக்கால உதட்டைத் தடவுனான். பொண்டாட்டி மூஞ்சியை நிமுந்து பாத்தான். கரகரன்னு ஒரு குரல் வந்துச்சி.

"ரொம்ப உப்பு ஏட்டி. கொஞ்சம் சோறு போடு."

அவ அசையல. தளவாய் மெதுவா அண்ணன் தலையைத் தலகாணியில வச்சிட்டு, கையை வேட்டியில தொடைச்சிட்டு, தரையில கெடந்த அந்த வாழையிலையை ரெண்டு கையாலயும் எடுத்து அவ பக்கமா நீட்டினான்.

"எனக்கும், மதினி" அப்படின்னான்.